தாம்பரம் பக்கம் ரூட் கெனாலை மறுபடி செய்ய நல்ல டாக்டர்?

அம்மாவுக்கு வயது 58, சர்க்கரை உண்டு, மூன்று மாத சராசரி 7.1. கீழ்வரிசை வலது முதல் கடைவாய்ப்பல். 2021-ல் ரூட் கெனால் செய்து கேப் போட்டது. மூன்று வாரமாகக் கடித்தால் வலி, ஈறில் கொப்புளம், சீழ். எக்ஸ்ரேயில் வேர்நுனியில் கருநிழல்.

அமாக்ஸிசிலின் ஐந்து நாள் கொடுத்தோம். அடங்கி, பத்தே நாளில் திரும்பிவிட்டது. வேருக்குள் கிருமி இருக்கும்வரை மாத்திரை தாங்காதுதான். பக்கத்து கிளினிக்கில் பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் என்கிறார்கள், வேரில் விரிசல் உண்டா என்று சிபிசிடி (பல்லை முப்பரிமாணத்தில் காட்டும்) ஸ்கேன்கூட எடுக்காமல்! எங்கள் மெடிக்ளெய்மில் விபத்தில் பல் உடைந்தால்தான் பணம். அட்மிட் ஆகாமல் செய்யும் சிகிச்சைக்கான கூடுதல் கவரேஜ் (ஓபிடி) அந்தப் பாலிசியில் இல்லை. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு நாலைந்து தடவை அலைய அம்மாவின் முழங்கால் விடாது.

தாம்பரம், குரோம்பேட்டை வட்டாரத்தில், கேப் சேர்த்து 15,000 ரூபாய்க்குள் இதைச் செய்யும் எம்டிஎஸ் எண்டோடான்டிஸ்ட் (ரூட் கெனால் சிறப்பு டாக்டர்) யாரையாவது தெரியுமா?