அப்பாவுக்குத் தோள் ஜவ்வு கிழிந்துவிட்டது: தசை மெலிவதையும் கொழுப்பு படிவதையும் நிறுத்த முடியுமா?

மண்டபம் மகள்
வணக்கம். அப்பாவுக்கு 56 வயது. விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். பொங்கல் கழிந்து ஒரு நாள் மடியை (வலையை) ஏற்றும்போது வலது தோளில் ஏதோ சடக்கென்று விட்டிருக்கிறது. அதிலிருந்து சட்டை போடவே இடது கையின் உதவி வேண்டும். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. பின்னால் நின்று பார்த்தால் தோள்பட்டை எலும்பின் வரம்புக்கு மேலே, சதை இருக்க வேண்டிய இடத்தில் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் தெரிகிறது.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'சுப்ராஸ்பினேட்டஸ் தசைநார் முழுக் கிழிவு, 2 செ.மீ. பின்வாங்கல், லேசான தசை மெலிவு, கொழுப்பு கூட்டாலியர் தரம் 1' என்று இருக்கிறது. சுப்ராஸ்பினேட்டஸ் என்பது தோளைச் சுற்றியுள்ள நான்கு சுழற்றுத் தசைகளில் ஒன்றாம், அதை எலும்போடு சேர்க்கும் நாரைத்தான் ஜவ்வு என்கிறார்கள். மருத்துவர் அறுவை சிகிச்சை செய்யச் சொல்கிறார். அப்பாவோ, எண்ணெய் போட்டு நீவினால் போதும், அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். உடற்பயிற்சியால் அந்தக் கொழுப்பைக் கரைக்க முடியுமா? எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம்?

தேவிபட்டினம் அக்கா
தங்கச்சி, அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? பீடி, சிகரெட்? இன்னொன்று, நீ பிடித்துத் தூக்கினால் கை முழுசாக மேலே போகிறதா, அப்போதும் பாதியில் இறுகி நிற்கிறதா?

மண்டபம் மகள்
சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார் அக்கா. பீடியும் உண்டு. நான் பிடித்துத் தூக்கினால் தலைக்கு மேலே போகிறது. தானாகத் தூக்கினால் நெஞ்சு உயரத்தோடு சரி.

பிசியோ, ராமநாதபுரம்
பிடித்துத் தூக்கினால் கை மேலே போவது நல்லது. மூட்டு இன்னும் இறுகவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் சீக்கிரம் இறுகும், அதனால் இதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கொழுப்பு சாப்பாட்டில் இருந்து வருவதில்லை. தசை தசைநார் வழியாக எலும்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால்தான் தசையாக இருக்கும். நார் அறுந்ததும், கயிறு அறுந்த படகுப் பாய் மாதிரி தசை உள்ளே சுருங்கிவிடுகிறது. இழுக்க வேலை இல்லாததால் இழைகள் மெலிகின்றன. தசைக்குள்ளேயே இருக்கும் சில மூல செல்கள் கொழுப்பாகவும் தழும்புத் திசுவாகவும் மாறி அந்த இடைவெளியை நிரப்புகின்றன. எண்ணெய் நீவல் அங்கே போய்ச் சேராது. வலிக்கு இதமாக மேலே தடவினால் பரவாயில்லை, ஆனால் யாரையும் கையைப் பிடித்து முறுக்கவோ சொடுக்கவோ விடாதீர்கள்.

கூட்டாலியர் என்ற பிரெஞ்சு மருத்துவரின் குழு 1994-ல் வகுத்த அளவு அது, 0 முதல் 4 வரை. தரம் 1 என்றால் தசைக்குள் கொழுப்புக் கோடுகள் சில மட்டும். 2-ல் கொழுப்பு இருந்தாலும் தசைதான் அதிகம், 3-ல் இரண்டும் சரிபாதி, 4-ல் கொழுப்பு மிஞ்சிவிடும். நன்றாகப் படிந்துவிட்ட கொழுப்பு, நாரைத் தைத்த பிறகும் பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை. மெலிந்த சதை ஓரளவு தேறும். தரம் கூடக் கூட, தைத்த நார் மறுபடி விட்டுப்போகும் வாய்ப்பும் கூடுகிறது. அதனால் அப்பாவை 1-லேயே நிறுத்துவதுதான் வேலை.

பயிற்சியைப் பற்றிக் கேட்டீர்கள். அறுந்த நாரைப் பயிற்சி ஒட்டவைக்காது, அந்தத் தசையின் கொழுப்பையும் கரைக்காது. கொழுப்பைக் கரைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரையும் கிடையாது. ஆனால் மற்ற மூன்று சுழற்றுத் தசைகளையும், தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசையையும், தோள்பட்டை எலும்பைப் பிடித்திருக்கும் தசைகளையும் பயிற்சி காப்பாற்றும். தேய்மானத்தால் வரும் சிறு கிழிவுகளுக்குப் பல பேருக்கு அதுவே போதும். உங்கள் அப்பாவுக்கு அப்படி இல்லை: ஒரே இழுப்பில் விட்டது, முழுக் கிழிவு, கையால் பிழைக்கிறவர். இப்படி அடிபட்டு வரும் கிழிவை முதல் மூன்று, நான்கு மாதத்துக்குள் தைத்துவிடுவது நல்லது என்றே பெரும்பாலான மருத்துவர்கள் சொல்வார்கள். அடுத்த வருசம் வரை விடாதீர்கள்.

தொண்டி மீனவன்
தங்கச்சி, எனக்கும் இதே தோள்தான், தைத்தாகிவிட்டது. அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பார்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், எப்படியும் விசைப்படகு கடலுக்குப் போகாது. தடைக்காலத் தொடக்கத்திலேயே செய்துகொண்டால் கை தொட்டிலில் (கழுத்தில் மாட்டும் துணித் தூளியில்) இருக்கும் நாளெல்லாம் அதிலேயே கழிந்துவிடும். ஆனால் 61 நாள் முடிந்ததும் படகில் ஏறிவிடலாம் என்று மட்டும் நம்பவைக்காதே. ஆறு வாரம் கை தொட்டிலில். அப்புறம்தான் தானாகத் தூக்கப் பழக்குவார்கள். பாரம் வைத்துப் பயிற்சி மூன்று மாதம் வாக்கில். மடி இழுக்க ஆறு மாதமாவது ஆகும். வீட்டுச் செலவுக்கு அதை முன்கூட்டியே கணக்குப் போட்டு வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேருவதற்கு முன்பே மருத்துவமனையில் கேட்டுவிடு.

பீடியை விடச் சொல். என் மருத்துவர் முதலில் கேட்டதே அதைத்தான்.

மண்டபம் மகள்
அண்ணே, ரொம்ப நன்றி. தடைக்காலக் கணக்கைச் சொன்னதும் அப்பா மறுத்துப் பேசவில்லை. திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்? வலிக்கு ஊசி போடலாமா?

பிசியோ, ராமநாதபுரம்
அறுவை சிகிச்சை யோசனை இருக்கும்போது ஸ்டீராய்டு ஊசி போடுவதற்கு முன் அந்த மருத்துவரிடமே கேளுங்கள். திரும்பத் திரும்பப் போட்டால் நார் நைந்துபோகும்.

மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் ஒரு கம்பைப் பிடித்து, இடது கையின் பலத்தால் வலது கையைத் தலைப்பக்கம் மெதுவாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். காலையும் மாலையும் பத்துப் பத்துத் தடவை. நேராக உட்கார்ந்து இரண்டு தோள்பட்டைகளையும் பின்னுக்குச் சேர்த்து ஐந்து எண்ணும் வரை பிடிக்கலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி, இடையில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, புறங்கையால் சுவரை லேசாகத் தள்ளலாம். வலி சுருக்கென்று ஏறினால் நிறுத்திவிட வேண்டும். குடம், கூடை, நங்கூரக் கயிறு எதையும் வலது கையால் தொடக்கூடாது. தூங்கும்போது மல்லாந்து படுத்து முழங்கைக்கு அடியில் தலையணை வைத்தால் இரவு வலி குறையும்.

மீன், முட்டை, பருப்பு என்று புரதம் தினமும் சேரட்டும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை இப்போதே பரிசோதித்து, அந்தத் தாளையும் எம்.ஆர்.ஐ. படத்தையும் திங்கட்கிழமை கையோடு கொண்டுபோங்கள். அறிக்கை மட்டும் போதாது, படத்தையே மருத்துவர் பார்க்க வேண்டும்.