கேம் போட்டா பிராசசர் 100%: கிராஃபிக்ஸ் கார்டை மாத்தணுமா?

அண்ணன்மாரே, எனக்கு செங்கோட்டை. பிராசசர் ஐ5 7400, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். ஜிடிஏ 5-ல வண்டி வளைவுல திரும்பினா படம் நின்னு நின்னு போகுது. டாஸ்க் மேனேஜர்ல பிராசசர் 100, கார்டு 45. தென்காசில ஒரு கடையில கார்டை மாத்தச் சொல்றாங்க. அப்பா புனலூர் மரக்கடையில சம்பாதிச்சு அனுப்புற காசு, வீணாக்க மனசு வரல.

பதில் 1:
கார்டைத் தொடாதீங்க தம்பி. அது சும்மா உக்காந்திருக்கு, மூச்சு வாங்குறது பிராசசர். நாலு கோர், நாலே திரெட் (ஒரே நேரத்துல ஓட்டுற வேலை வரிசை). ரெசல்யூஷனைக் குறைச்சும் எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை படம் வருதுங்கிற கணக்கு) ஏறலைன்னா சந்தேகமே வேண்டாம். எஃப்பிஎஸ்ஸை 60-ல கட்டிப் போடுங்க, கேம் செட்டிங்ஸ்ல பாப்புலேஷன் டென்சிட்டியை, அதாவது தெருவுல வர்ற கூட்டத்தைக் குறைங்க. பைசா செலவில்ல.

பதில் 2:
சூட்டையும் பாருங்க தம்பி. நான் புளியரை. ஆடிக் காத்து முடிஞ்சு என் கேபினட்டைத் திறந்தா, பிராசசர் சூட்டை இழுக்குற ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் தூசி கம்பளி மாதிரி அப்பியிருந்துச்சு. பிராசசர் மேல தடவியிருந்த பழைய தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாட்டம் உதிர்ந்துச்சு. துடைச்சுப் புதுசு தடவினேன், 96 டிகிரி 74-க்கு இறங்கிருச்சு.

கேட்டவர்:
துடைச்சாச்சு அக்கா, 81-ல நிக்குது. திணறல் குறைஞ்சிருக்கு, போகல. பழைய ஐ7 7700 வாங்கட்டுமா?

பதில் 1:
எட்டு திரெட் கிடைக்கும், ஆனா அதுவும் விண்டோஸ் 11 ஆதரிக்கிற பிராசசர் பட்டியல்ல இல்ல. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-லயே முடிஞ்சுது. இப்போ இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 மட்டும் போடுங்க, டூயல் சேனல் ஆயிரும், ரெண்டு ரேமும் சேர்ந்து வேகமா ஓடும். அப்புறம் காசு சேர்த்து ரைசன் 5 5600 பிராசசர், பி550 மதர்போர்டு. ஆறு கோர், பன்னிரண்டு திரெட். ரேமும் கார்டும் அப்படியே அதுல ஏறும்.