வேலூர் ரோட்டுக்கும் ஏரிக்கரைக்கும் ஒரே சைக்கிள்: முன் சஸ்பென்ஷன் வேண்டுமா?

மாடிவீடு (சத்துவாச்சாரி):
வணக்கம். வயது 41, எடை 72 கிலோ. வீடு சத்துவாச்சாரியில், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வேலை காட்பாடியில். கிரீன் சர்க்கிள் தாண்டி, பாலாற்றுப் பாலம் ஏறி, விருதம்பட்டு வழியாகத் தினமும் போய் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் தூரம் போக ஆசை. வள்ளிமலை, அமிர்தி, இல்லையென்றால் ஏதாவது ஓர் ஏரிக்கரை மேல் மண் பாதை. மலைக்காட்டில் பாறை தாண்டி ஓட்டும் எண்ணமெல்லாம் இல்லை.

கையில் இருப்பது 35,000 ரூபாய். இரண்டு ஹைப்ரிட் சைக்கிள் (தார் ரோட்டுக்கும் மண் பாதைக்கும் பொதுவானது) பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் அலாய் ஃபிரேம், 700 சைஸ் வீல். ஒன்றில் முன் சஸ்பென்ஷன், கேபிள் டிஸ்க் பிரேக், 38 மி.மீ. அகல டயர். தராசில் மாட்டிப் பார்த்தோம், 14 கிலோ. மற்றதில் ஸ்பிரிங் இல்லாத சாதா ஃபோர்க் (முன் வீலைப் பிடிக்கும் கவை), ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக், 35 டயர், 11.5 கிலோ. விலை ஏறக்குறைய ஒன்றுதான். கடைக்காரர் முதலாவதைத்தான் எடுக்கச் சொல்கிறார். ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:
இரண்டாவதை எடுங்கள் சார். அந்த இரண்டரைக் கிலோ வித்தியாசத்தில் பாதிக்கு மேல் முன் ஃபோர்க்கில்தான் இருக்கிறது. இந்த விலை வண்டிகளில் வரும் சஸ்பென்ஷன், இரும்புக் குழாய்க்குள் ஒரு காயில் ஸ்பிரிங். ஃபோர்க் மட்டுமே இரண்டரைக் கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அலாய் சாதா ஃபோர்க் ஒரு கிலோ.

நான் நாலு வருஷம் சஸ்பென்ஷன் வண்டி ஓட்டியவன். ஏலகிரி ஏறியபோதுதான் அதன் குணம் முழுக்கத் தெரிந்தது. 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயர் அல்லது வள்ளல் பெயர். வளைவில் எழுந்து நின்று மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் முன்பக்கம் அமுங்கி எழும்புகிறது. காலில் இருக்கும் பலம் வீலுக்குப் போகாமல் ஸ்பிரிங்கை அமுக்கவே செலவாகிறது. ஸ்பிரிங் அமுங்காதபடி லாக் போடும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளலாம்தான். போட்டுவிட்டால் அது இரண்டரைக் கிலோ எடையுள்ள சாதா ஃபோர்க்.

மெத்தை வேண்டுமென்றால் அது டயரில் இருக்கிறது. உங்கள் எடைக்கு 35 டயரில் முன்னால் 55, பின்னால் 65 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். டயர் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்குக் காற்று அடித்துவிட்டு, கை அதிர்கிறது, சஸ்பென்ஷன் வேண்டும் என்கிறார்கள். காற்றைக் குறைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இரவு டூட்டி:
இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் சொல்வதெல்லாம் பகலில், பாதையைப் பார்த்து ஓட்டுகிறவர்களுக்கு. நான் பாகாயத்திலிருந்து நர்ஸ் வேலைக்குப் போகிறவள். இரவு ஷிஃப்ட் என்றால் எட்டு மணிக்கு மேல்தான் வண்டியை எடுப்பேன். குழாய்க்கோ சாக்கடைக்கோ ரோட்டின் குறுக்கே தோண்டுகிறார்கள், மண்ணைப் போட்டு மூடுகிறார்கள். அடுத்த மழைக்கு அது ஒரு ஜாண் இறங்கிவிடுகிறது. எதிரே லாரி விளக்கு கண்ணில் அடிக்கும்போது அந்தக் குழி எனக்குத் தெரியாது. சஸ்பென்ஷன் இருந்தால் ஹேண்டில் கையில் நிற்கிறது. இல்லாத வண்டியில் ஒருமுறை இடது கை நழுவி, டிவைடர் பக்கம் சாய்ந்தேன். மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் ஊசி போடக்கூட முடியவில்லை.

ஏலகிரி வருஷத்துக்கு ஒருமுறை. வேலைக்குப் போகும் ரோடு தினமும். எந்த ரோட்டுக்கு வண்டி வாங்குகிறோம்?

பொன்னை ரோடு:
எடையைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. சார் 72 கிலோ, பை 4 கிலோ என்று வையுங்கள். ஒரு வண்டியில் மொத்தம் 90 கிலோ, இன்னொன்றில் 87.5. வித்தியாசம் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. ஒரு மணி நேரம் ஏற வேண்டிய மேட்டில் ஒன்றரை நிமிடம் சொச்சம் மிச்சமாகும். சமதளத்தில் அதுவும் கிடையாது.

வேலூர் காட்பாடி ரோட்டில் மேடு என்று சொல்ல பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். அங்கே நம்மை நிறுத்துவது காற்று. பாலாறு அந்த இடத்தில் எவ்வளவு அகலம்! வருஷத்தில் பெரும்பாலான நாள் தண்ணீர் இருக்காது, மணல்வெளி மேல் காற்று தடையில்லாமல் வரும். 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் மிதிக்கும் பலத்தில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போகிறது. அதனால் எப்படி உட்காருகிறீர்கள், ஹேண்டில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். ஃபிரேமைக் கவட்டையில் வைத்து நின்றால் மேல் குழாய்க்கும் உடம்புக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். சைஸ் தப்பான 11 கிலோ வண்டியை விட சைஸ் சரியான 14 கிலோ வண்டி நல்லது.

மாடிவீடு (சத்துவாச்சாரி):
பொன்னை ரோடு சார், கணக்கு புரிந்தது. நான் கேட்க மறந்தது ஒன்று இருக்கிறது. கீழே வண்டி நிறுத்த இடமில்லை. 36 படி. காலையில் இறக்க வேண்டும், சாயங்காலம் தோளில் போட்டு ஏற்ற வேண்டும். கடையில் இரண்டையும் ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். 14 கிலோ வண்டியின் முன்பக்கம் கீழே இழுத்தது, ஹேண்டில் திரும்பி முட்டியில் இடித்தது. 11.5 கிலோ வண்டி சும்மா வந்தது. எனக்கு எடை முக்கியம் என்றால் அது ரோட்டில் இல்லை, படியில்.

பொன்னை ரோடு:
அப்படியென்றால் சரி. படிக்கு என் கணக்கு செல்லாது. அங்கே தூக்குவது வண்டியை மட்டும்தான்.

கோட்டம் எடுக்கும் கடை:
ஆற்காட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. வாடகை சைக்கிளில் ஆரம்பித்து இப்போது கியர் வண்டி வரை வந்திருக்கிறது. வாங்கும்போது யாரும் கேட்காத நாலு விஷயம் சொல்கிறேன்.

முதலில் ஃபோர்க். விலை குறைந்த சஸ்பென்ஷன் இரண்டு வருஷத்தில் என்னிடம் எப்படி வருகிறது தெரியுமா? ஏரிக்கரை மண்ணும் மழைத்தண்ணீரும் ரப்பர் மூடியைத் தாண்டி உள்ளே இறங்கி, குழாய் துருப்பிடித்து, ஒரு பக்கம் இறுகி, ஒரு பக்கம் ஆடிக்கொண்டு வருகிறது. அதற்கு உள் பாகம் தனியாகக் கிடைப்பதில்லை. முழு ஃபோர்க்தான் மாற்ற வேண்டும். அக்கா சொன்ன ராத்திரிக் குழி நிஜம். ஆனால் அவரைக் காப்பாற்றும் அந்த சஸ்பென்ஷன் முதல் வருஷத்து சஸ்பென்ஷன். மாதம் ஒருமுறை குழாயைத் துணியால் துடைத்து வைத்தால் ஆயுள் கூடும். துடைக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்தது பின் வீல். ஏழு கியர் வண்டிகளில் பெரும்பாலும் ஃப்ரீவீலை, அதாவது பின் பல்சக்கரக் கொத்தை, வீலில் திருகி மாட்டியிருப்பார்கள். அதில் பால்ரஸ் (பேரிங் குண்டு) உட்காரும் இடம் செயின் பக்கத்தில் உள்ளே தள்ளி இருக்கும், ஆக்ஸில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். குழியில் ஓங்கி விழுந்தால் ஆக்ஸில் வளைகிறது, உடைகிறது. எட்டு கியர் முதல் பெரும்பாலும் வரும், பல்சக்கரங்களைச் சொருகி மாட்டும் கேசட் வகையில் பால்ரஸ் ஓரத்திலேயே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. இந்த இரண்டு வண்டியில் எதில் கேசட் இருக்கிறது என்று கேளுங்கள் சார். அக்கா பயப்படும் குழிக்கு முன்பக்கத்தைப் போல பின்பக்கமும் தாங்க வேண்டும்.

அப்புறம் முள். நம் ஊரில் சைக்கிளுக்கு முதல் எதிரி அதுதான். ஏரிக்கரை முழுக்க சீமைக்கருவேலம், புல் காய்ந்த இடத்தில் நெருஞ்சி. பஞ்சர் ஒட்டிக்கொண்டு போனவர் மறுநாளே திரும்பி வருவார், நான் சரியாக ஒட்டவில்லை என்பார். டயரைக் கழற்றி, பழைய பனியன் துணியை உள்பக்கம் வட்டமாக ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் நூல் மாட்டும். அங்கே அரிசி முனை அளவுக்கு முள் முறிந்து நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. ஊசியால் நெம்பி எடுத்த பிறகுதான் புது டியூப் போட வேண்டும். டயருக்கும் டியூபுக்கும் நடுவில் ஒரு பட்டை விற்கிறார்கள், போட்டுக்கொள்ளுங்கள்.

வால்வையும் பாருங்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் பெட்ரோல் பங்கிலோ பஞ்சர் கடையிலோ காற்று அடிக்க முடியாது, அடாப்டர் வேண்டும். மோட்டார் பைக்கில் இருக்கும் தடித்த வால்வு என்றால் மேல்பாடியில் நின்றாலும் ஆள் கிடைப்பார்.

பாலாற்றங்கரை:
கடைக்காரர் அண்ணன் சொன்ன முள் விஷயத்துக்குக் கோடி நன்றி. ஒன்று சேர்க்கிறேன். டியூபுக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் சின்ன முள் ஓட்டையை அடைத்துவிடுகிறது. வால்வின் உள் ஊசியைக் கழற்ற முடிந்தால் அதன் வழியாகவே ஊற்றலாம். ஆனால் ஏப்ரல், மே வெயிலில் அது சீக்கிரம் காய்ந்து உள்ளே தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கிறது.

அதிகமாகக் காற்றைக் குறைத்தாலும் ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன், முன்பு விட்டுவிட்டேன். குழியின் விளிம்பில் ரிம் டியூபை நசுக்கி, பாம்பு கொத்தியது போல அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும். 35 டயரில் 45க்குக் கீழே இறக்காதீர்கள்.

இரவு டூட்டி:
அதைத்தான் நானும் சொல்கிறேன் அண்ணா. காற்றைக் குறைத்தால் குழியில் டியூப் போகும், கூட்டினால் கை போகும். 35 டயரில் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் ரொம்பக் குறுகல். என் வண்டியில் 42 டயர், சஸ்பென்ஷன் இரண்டும் இருக்கிறது, மூன்று வருஷம் ஆகிறது. ஃபோர்க் குழாயை வாரா வாரம் துடைக்கிறேன், இன்னும் இறுகவில்லை.

பிரேக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. ஐப்பசி மழையில் வி-பிரேக் பிடித்தால் முதல் ஒரு சுற்று ரிம்மில் இருக்கும் தண்ணீரைத் துடைக்கவே போகிறது, அப்புறம்தான் நிற்கிறது. ஆட்டோ குறுக்கே வந்தால் அந்த ஒரு சுற்று பெரிது.

கோட்டம் எடுக்கும் கடை:
மழையில் டிஸ்க் மேல், அதில் அக்காவோடு எனக்குத் தகராறு இல்லை. கேபிள் டிஸ்க் என்றால் எந்தக் கடையிலும் சரி செய்வார்கள். ஆயில் டிஸ்க்கில் காற்றுப் புகுந்தால் அதை எடுக்கச் சின்ன ஊர்களில் சாமான் இல்லை. வி-பிரேக்குக்கு இன்னொரு தொல்லை, வீல் கோட்டம் ஆனால் கட்டை உரசும். ஆனால் அது நல்லதும்கூட. கோட்டம் ஆனதை அன்றைக்கே தெரிந்துகொண்டு வந்துவிடுவார்கள். டிஸ்க் வண்டிக்காரர்கள் மூன்று கம்பி தளர்ந்த பிறகுதான் வருகிறார்கள்.

மாடிவீடு (சத்துவாச்சாரி):
இன்று காலை இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். கடைக்காரர் ஒரு மணி நேரம் கொடுத்தார். கோட்டையைச் சுற்றி அகழி ஓரமாக ஒரு சுற்று, அப்புறம் ஓட்டேரி பக்கம் மண் பாதையில் கொஞ்ச தூரம்.

தார் ரோட்டில் சாதா ஃபோர்க் வண்டி, சொன்ன இடத்துக்குச் சொன்னபடி திரும்பியது. சஸ்பென்ஷன் வண்டியில் முன் பிரேக் பிடித்ததும் மூக்கு கீழே போனது. மண் பாதையில் நிலைமை மாறியது. மாட்டு வண்டித் தடம் காய்ந்து இறுகிய இடத்தில், இரவு டூட்டி சகோதரி சொன்னது போல, சஸ்பென்ஷன் வண்டியில் கை நிம்மதியாக இருந்தது. மற்றதில் 65 பி.எஸ்.ஐ. இருந்தது, பல் அடித்துக்கொண்டது. பம்ப் வாங்கி இரண்டு டயரிலும் 50க்கு இறக்கி மறுபடி ஓட்டினேன். முழுக்க சரியாகவில்லை. ஆனால் ஓட்ட முடிந்தது, வேகத்தைக் குறைத்தால் போதுமாக இருந்தது.

சாதா ஃபோர்க் வண்டியில் எட்டு கியர் கேசட், பெரிய பல்சக்கரத்தில் 32 பல். சஸ்பென்ஷன் வண்டியில் ஏழு கியர் ஃப்ரீவீல். ஆற்காட்டுக் கடை அண்ணன் சொல்லாவிட்டால் இதைப் பார்த்தே இருக்க மாட்டேன். வால்வு இரண்டிலும் தடித்தது. சாதா ஃபோர்க் வண்டியின் ஃபிரேமில் 38 டயர் வரை போகும், மட்கார்டு போட்டால் 35தான் என்றார்கள்.

சாதா ஃபோர்க் வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். மட்கார்டு இப்போதைக்கு வேண்டாம், 38 டயர் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். முள் பட்டையும் உண்டு.

பாலாற்றங்கரை:
38 டயருக்கு 50, 58 என்று ஆரம்பித்துப் பாருங்கள். முதல் ஞாயிறு வள்ளிமலை போகலாம், நானும் வருகிறேன். போகிற வழியில் மேல்பாடியில் இறங்கி, ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குக் கட்டிய பள்ளிப்படையை (சமாதிக் கோயில்) பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் சமணக் குகை வரை ஏறிவிடலாம்.

இரவு டூட்டி:
சந்தோஷம் சார். உங்கள் படிக்கு அந்த வண்டி சரி, என் ரோட்டுக்கு என் வண்டி சரி. மட்கார்டு இல்லாமல் மழைக்காலம் கஷ்டம், அதையும் பாருங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நல்ல முன் விளக்கு ஒன்று வாங்குங்கள். எதிரே வருகிறவர் நம்மைப் பார்க்கிற விளக்கு போதாது. குழியை நாம் பார்க்கிற விளக்காக இருக்க வேண்டும். விருதம்பட்டில் தோண்டிப் போட்ட இடத்தை இன்னும் மூடவில்லை, நேற்று இரவு கடந்து வந்தேன். பாலம் இறங்கியதும் இடது ஓரம் போகாதீர்கள்.