டர்பனில் பெரியவர்களோடு தமிழ்ப் படம் பார்க்க: அரங்கத்தாரிடம் எதையெல்லாம் முன்கூட்டியே கேட்க வேண்டும்?

சாட்ஸ்வொர்த் தமிழ் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருச்சியிலிருந்து டர்பனுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இங்குள்ள சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். சென்ற மாதம் எங்கள் வகுப்புப் பிள்ளைகளையும் அவர்களுடைய தாத்தாக்களையும் ஆயாக்களையும் சேர்த்து முப்பத்திரண்டு பேரை, மால் ஒன்றில் இருக்கும் அரங்குக்குத் தமிழ்ப் படம் பார்க்க அழைத்துச் சென்றேன். இரண்டு மாதம் காசு சேர்த்து, பேருந்து பேசி, ஆசையோடு செய்த ஏற்பாடு அது.

படம் தொடங்கியதுமே சிக்கலும் தொடங்கிவிட்டது. ஆங்கில சப்டைட்டில் இரண்டு வரியாக வரும்போதெல்லாம் மேல் வரி மட்டுமே தெரிந்தது. கீழ் வரி திரைக்குக் கீழே இருக்கும் கறுப்புத் துணியில் விழுந்து மறைந்துபோனது. எங்கள் பிள்ளைகளுக்குப் பேச்சுத் தமிழ் இன்னும் காதில் முழுமையாக ஏறவில்லை. அந்த வரிகளை நம்பித்தான் அவர்கள் படம் பார்க்கிறார்கள். "என்ன சொன்னான் ஆயா?" என்று பிள்ளைகள் கேட்க, ஆயாமார் விளக்க, விளக்கி முடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். வாசலில் நின்ற பையனிடம் போய்ச் சொன்னேன். படமே அப்படித்தான் வந்திருக்கிறது என்று பதில் கிடைத்தது. சண்டைக் காட்சியில் ஒலி தாங்க முடியாமல், காதுக்கருவி போட்டிருந்த தாத்தா ஒருவர் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவருக்கு வசனமும் இல்லை. இடைவேளை என்ற அட்டை திரையில் வந்ததைப் பார்த்து எழுந்த நாலைந்து பேர், படம் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதைக் கழிவறையிலிருந்து திரும்பிய பிறகே அறிந்தார்கள். அவர்களில் ஓர் ஆயா இருட்டில் ஒவ்வொரு நாற்காலியாகத் தடவிக்கொண்டு வந்து சேர்ந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

ஆனாலும் திரும்பி வரும்போது பேருந்தில் ஒருவரும் பேச்சை நிறுத்தவில்லை. அதனால் மீண்டும் போக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். எப்படிப்பட்ட அரங்கைத் தேர்ந்தெடுப்பது, அங்கே முன்கூட்டியே என்னென்ன கேட்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஜோகன்னஸ்பர்க் ஆபரேட்டர் எழுதியது:

வணக்கம் சகோதரி. சேலத்தில் பதினொரு ஆண்டுகள் பிலிம் சுருள் ஓட்டிய ஆபரேட்டர் நான். இப்போது இங்கே டிஜிட்டல் புரொஜெக்டர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். உங்களுக்குச் சொல்லப்பட்ட பதில் தவறானது. நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால், படம் சரியாகவே வந்திருக்க வேண்டும்; அதைக் காட்டிய விதத்தில்தான் பிழை.

அரங்குகளுக்கு வரும் படங்கள் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஃப்ளாட் என்பது உயரத்தைப் போல் 1.85 மடங்கு அகலம் கொண்டது. ஸ்கோப் என்பது 2.39 மடங்கு அகலம் கொண்டது. புரொஜெக்டரில் இந்த இரண்டுக்கும் தனித்தனி அமைப்பைச் சேமித்து வைத்திருப்பார்கள். ஃப்ளாட் படத்தை ஸ்கோப் அமைப்பில் ஓட்டினால் பிம்பம் திரையைவிட உயரமாகிவிடும். மேலே தலை வெட்டுப்படும், கீழே சப்டைட்டில் துணியில் விழும். இரண்டு வரிகளில் கீழ் வரி மட்டும் காணாமல் போனது என்று நீங்கள் எழுதியதே நோய் இன்னதென்று சொல்லிவிடுகிறது. ஆட்களின் நெற்றியும் முடியும் மேலே வெட்டுப்பட்டிருந்ததா என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அப்படியென்றால் ஐயமே இல்லை. இதைச் சரிசெய்ய ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். படத்தை நிறுத்தக்கூட வேண்டியதில்லை.

பழைய அரங்கில் நாங்கள் சின்னச் சதுரக் கண்ணாடி வழியே திரையைப் பார்த்துக்கொண்டே நிற்போம். பிம்பம் கொஞ்சம் நகர்ந்தாலும் மக்கள் விசிலடிப்பதற்கு முன் எங்கள் கை போய்விடும். இன்று ஒரே கணினி எட்டு அரங்குகளுக்கும் காலையிலேயே அட்டவணை போட்டுவிடுகிறது. அறையில் ஆளே இருப்பதில்லை. பார்வையாளர் சொன்னால்தான் பிழை வெளியே தெரியும். ஆகவே உங்கள் குழுவில் ஒருவரை நடைபாதை ஓரத்து இருக்கையில் உட்கார வையுங்கள். முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஏதாவது தவறாகத் தெரிந்தால், அவர் வாசலில் டிக்கெட் கிழிக்கும் பையனிடம் நிற்காமல் அன்றைய பணி மேலாளரைக் கேட்டுப் பார்க்கட்டும். "சப்டைட்டில் கீழே வெட்டுப்படுகிறது, ஃப்ளாட்டா ஸ்கோப்பா என்று பாருங்கள்" என்ற ஒரு வாக்கியம் போதும்; விவரம் தெரிந்து பேசுகிறார் என்று புரிந்துகொள்வார்கள்.

ஒலியைப் பொறுத்தவரை, அரங்கின் ஒலிக்கருவியில் 7 என்ற எண்தான் அளவுகோல். படத்தின் ஒலியைக் கலந்தவர் கேட்ட அளவு அது. பல அரங்குகளில் 5-க்கு அருகில் வைத்து ஓட்டுகிறார்கள், அதுவும் பெரியவர்களுக்கு ஏற்றதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சண்டைக்காகக் குறைத்தால் வசனமும் சேர்ந்து குறையும். எனவே வெறுமனே குறையுங்கள் என்று சொல்வதைவிட, நல்ல இடத்தில் உட்காருவது பெரிய பலன் தரும். வசனம் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. பக்கச் சுவர்களில் இருப்பவை பெரும்பாலும் இரைச்சலையும் இசையையும் தருபவை. காதுக்கருவி போட்டவர்களைச் சுவரோரம் உட்கார வைக்காதீர்கள். திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில் உள்ள வரிசைகள்தாம் அவர்களுக்கு உரியவை. ஒலியை அளந்து சரிசெய்பவர்களும் அந்த இடத்தையே கணக்கில் கொள்கிறார்கள்.

இடைவேளைக்கு வழி இருக்கிறது. முழு அரங்கையும் நீங்களே எடுத்துக்கொண்டால், இடைவேளை அட்டை வரும் இடத்தில் படம் நின்று விளக்கு எரியும்படி அட்டவணையிலேயே சேர்க்க முடியும். இதை ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அரங்கை மாற்றித் தரும்படி மட்டும் கடைசி நேரத்தில் கேட்காதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு டிஜிட்டல் சாவி வரும். அது குறிப்பிட்ட கருவிக்கும் குறிப்பிட்ட நாள் நேரத்துக்கும் மட்டுமே திறக்கும். மூன்றாம் அரங்குக்கு வந்த சாவி ஐந்தாம் அரங்கில் வேலை செய்யாது.

படம் மங்கலாகத் தெரிந்தால் முப்பரிமாணப் படத்துக்குப் போட்ட கண்ணாடியை லென்ஸுக்கு முன்னாலிருந்து எடுக்காமல் விட்டிருக்கலாம். அதையும் மேலாளரிடம் சொல்லுங்கள்.

மேகசின் பேரக்ஸ் தாத்தா எழுதியது:

அன்பு மகளுக்கு வணக்கம். எனக்கு வயது எழுபத்தைந்து. டர்பன் மாநகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பேரக்ஸில் பிறந்தவன். தமிழை மாலைப் பள்ளியில் கற்றேன். எழுத்தில் பிழை இருந்தால் ஆசிரியை என்ற முறையில் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நாங்கள் திரையரங்கு என்று சொன்னதில்லை. எங்களுக்கு அது பயாஸ்கோப். நகரின் நடுவில் வெள்ளையருக்கென்று இருந்த அரங்குகளின் வாசலை நாங்கள் மிதிக்க முடியாது. ஆகவே எங்கள் மக்கள் தங்களுக்கென்று அரங்குகளைக் கட்டிக்கொண்டார்கள். கிரே தெருவையும் விக்டோரியா தெருவையும் சுற்றித்தான் அவை இருந்தன. இன்று அந்தத் தெருக்களுக்கு டாக்டர் யூசுப் தாதூ தெரு, பெர்தா ம்கிசே தெரு என்று பெயர். மூசா குடும்பத்தார் 1939-இல் தொடங்கிய அவலோன், பிறகு வந்த ஷாஜஹான் என்று பெயர்களைச் சொன்னாலே என் வயதுக்காரர்களுக்குக் கண் விரியும். தென்னாப்பிரிக்காவின் இனவெறிச் சட்டங்களுக்காக இந்தியா 1946-இலேயே வணிக உறவை முறித்துக்கொண்டது. ஆனாலும் இந்தியப் படங்கள் எப்படியோ எங்களிடம் வந்து சேர்ந்தன. இந்திப் படங்களே மிகுதி. தமிழ்ப் படம் எப்போதாவது வரும், வந்தால் பேரக்ஸில் அன்று திருவிழா. அம்மா பட்டுப் புடவை கட்டிக்கொள்வார். மத்தியானமே சோறாக்கி மூடி வைத்துவிட்டு, நான்கு பிள்ளைகளையும் தலை வாரி அழைத்துக்கொண்டு நடப்பார்.

நான் சொல்ல வந்தது டார்ச் விளக்குக்காரரைப் பற்றி. எங்கள் அரங்கில் வெளிச்சத்தைத் திரைப் பக்கமும் காட்டாமல், முகத்திலும் அடிக்காமல், நம் காலுக்கு ஓர் அடி முன்னால் மட்டும் வட்டமாக விழும்படி பிடித்துக்கொண்டு முன்னே நடக்கும் மனிதர் ஒருவர் இருந்தார். அவர் கையில் வெளிச்சம் படியிறங்குவதைப் பார்த்தே அம்மாவும் படியிறங்குவார். எங்கள் பாட்டிக்கு மூட்டுவலி என்று அவருக்குத் தெரியும். படியே இல்லாத வரிசையில் இரண்டு இடம் எப்போதும் அவர் கண்ணில் இருக்கும். மேலே தம்பி எழுதிய ஃப்ளாட்டும் ஸ்கோப்பும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆயா நாற்காலியைத் தடவிக்கொண்டு வந்தார் என்று படித்தபோது, அந்த அரங்கில் குறைந்து போயிருந்தது ஓர் ஆள் என்றே எனக்குத் தோன்றியது. அரங்கத்தாரிடம் முதலில் கேட்க வேண்டியது, படம் ஓடும் நேரம் முழுவதும் உள்ளே ஒருவரை நிறுத்துவார்களா என்பதுதான். அவர்களால் முடியாவிட்டால் உங்கள் குழுவின் இளையவர்கள் இருவர் சிறு டார்ச்சோடு நிற்கட்டும். கைப்பேசி வெளிச்சம் வேண்டாம்; அது எல்லார் கண்ணையும் கூசச் செய்யும்.

காலை பத்து மணிக் காட்சிக்கே போங்கள். மருந்து, சாப்பாடு, வீடு திரும்புதல் எல்லாம் பகல் வெளிச்சத்தில் முடிந்துவிடும். 1960-களில் எங்களைச் சாட்ஸ்வொர்த்துக்குக் குடிபெயர்த்த பிறகு, நடந்து போன பயாஸ்கோப்புக்குப் பேருந்துக் கூலி கொடுக்க வேண்டியதாயிற்று. 1976-இல் தொலைக்காட்சி வந்தது, அடுத்து வீடியோ வந்தது. வீட்டில் வீடியோ ஓடும்போது அம்மா பாதியில் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார். பயாஸ்கோப்பில் அவர் ஒருநாளும் எழுந்ததில்லை. மூன்று மணி நேரம் அவரை யாரும் கூப்பிட முடியாத இடம் அது ஒன்றுதான்.

பிள்ளைகள் ஆயாவிடம் கேட்பதையும் ஆயா விளக்குவதையும் குறையாக நினைக்காதீர்கள், மகளே. எங்கள் காலத்தில் பாதி அரங்கு அப்படித்தான் படம் பார்த்தது.

உம்லங்கா செவிலி எழுதியது:

தாத்தா அவர்களுக்கு வணக்கம். உங்கள் கடைசிக் கருத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரவுப் பணி முடித்து மாதத்தில் ஒரு நாள் படத்துக்குப் போகிறவள் நான். பக்கத்து வரிசையில் தொடர்ந்து விளக்கவுரை நடந்தால் எனக்கு அந்த ஒரு நாளும் போய்விடுகிறது. ஆசிரியை தம் குழுவுக்கென்று முழு அரங்கையும் எடுத்தால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. பொதுக் காட்சிக்குப் போனால் பேச்சைப் படம் முடிந்த பின் வைத்துக்கொள்வதே முறை. அதற்காகவே சப்டைட்டில் சரியாகத் தெரிவது அவசியம் என்கிறேன்.

இன்னொன்று. சின்னப் பிள்ளைகள் வருவதால் இந்தியச் சான்றிதழைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இங்குள்ள தணிக்கை வாரியம் தனியாக வயது வரம்பு தருகிறது. 13 என்று போட்டிருந்தால் பெற்றோர் உடன் வந்தாலும் அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள். 10-12 பிஜி என்றிருந்தால் அந்த வயதுப் பிள்ளைகள் பெரியவர் துணையோடு வரலாம்.

சாட்ஸ்வொர்த் தமிழ் ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பிள்ளைகளிடம் விசாரித்தேன். கதாநாயகனின் நெற்றியில் இருந்த திருநீறு பாதிப் படத்தில் தெரியவே இல்லை என்று ஒரு சிறுமி சொன்னாள். ஆபரேட்டர் ஐயா சொன்னது அப்படியே பொருந்துகிறது.

நேற்று வேறோர் அரங்கின் மேலாளரை நேரில் பார்த்தேன். எண்பது இருக்கைகள் கொண்ட சிறிய அரங்கைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முழுமையாக எங்களுக்கே தருவதாகச் சொன்னார். முதல் நாள் மாலையில் படத்தின் முதல் ஐந்து நிமிடத்தை ஓட்டிக் காட்டவும், இடைவேளையில் பதினைந்து நிமிடம் விளக்கைப் போடவும் ஒப்புக்கொண்டார். உள்ளே ஆள் நிறுத்துவது மட்டும் அவரால் முடியாதாம். எங்கள் வகுப்பின் மூத்த மாணவர்கள் இருவர் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள். காலுக்கு ஓர் அடி முன்னால் வெளிச்சம் விழும்படி டார்ச் பிடிக்க வகுப்பறையில் விளக்கை அணைத்துப் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற முறை இருட்டில் தடவி வந்த ஆயாவுக்குப் படியில்லாத வரிசையில் வாசலோரம் இடம் குறித்து வைத்திருக்கிறேன். மேகசின் பேரக்ஸ் தாத்தா அவர்களே, அதற்கு அடுத்த இருக்கை இன்னும் காலியாக இருக்கிறது. நீங்கள் வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி எழுதுங்கள்; பேருந்து உங்கள் தெரு முனைக்கு வரும்படி சொல்லி வைக்கிறேன்.