எட்டாம் வகுப்புக்கு கிளிக்கர் வாங்கலாமா, அட்டையே போதுமா?

பல்லடம் டீச்சர்:

வணக்கம்ங்க. பல்லடம் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 44 பேர். பாதிப் பேர் வீட்டில் தறி ஓடுகிறது. மீதியில் பலர் பனியன் கம்பெனி வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் "புரிஞ்சுது டீச்சர்" என்று ராகம் போடும். யாருக்கு என்ன புரிந்தது என்பது பேப்பர் திருத்தும்போதுதான் தெரிகிறது.

போன வாரம் ஒரு கம்பெனிக்காரர் வந்து கிளிக்கர் காட்டினார். சின்ன ரிமோட், ஆளுக்கு ஒன்று. திரையில் கேள்வி வந்ததும் ஏ, பி, சி, டி-யில் ஒன்றை அமுக்க வேண்டும். லேப்டாப்பில் செருகிய ரிசீவர் அதை வாங்கி, எத்தனை பேர் எந்த விடை என்று பட்டை பட்டையாகக் காட்டுகிறது. தாளாளருக்குப் பிடித்துவிட்டது. அந்த மார்க்கை அப்படியே வளரறி மதிப்பீட்டில் (பாடம் நடக்கும்போதே போடும் மார்க்) ஏற்றிவிட்டால் திருத்துகிற வேலை மிச்சம் என்று எச்.எம். கணக்குப் போடுகிறார். எனக்கு என்னவோ மனசு ஒட்டவில்லை. ஏற்கெனவே வாங்கிய ஸ்மார்ட் போர்டில் இப்போது தேதி மட்டும்தான் எழுதுகிறோம். போன் கேமராவில் விடை படிக்கும் பிளிக்கர்ஸ் அட்டையே போதும் என்கிறார்கள் சிலர். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

கவுந்தப்பாடி வாத்தியார்:

அட்டையே போதும் டீச்சர். பிள்ளைகள் கையில் பேட்டரி வேண்டாம், போன் வேண்டாம். உங்கள் போனில் கேமராவும் நெட்டும் இருந்தால் சரி. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கறுப்புக் கட்டம், அதன் நாலு பக்கத்துக்கும் நாலு எழுத்து. எந்த எழுத்து மேலே இருக்கிறதோ அதுதான் விடை. போனை வகுப்பின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் யார் எதைக் காட்டினார்கள் என்று பெயரோடு விழுந்துவிடும். கட்டத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு, எழுத்தும் பொடிசு. பக்கத்து அட்டையைப் பார்த்துத் திருப்புவது லேசில்லை. சாதாரணத் தொகுப்பில் 40 அட்டை, பெரியதில் 63. உங்களுக்குப் பெரியது வேண்டும்.

அட்டை கிழியக் கூடாது என்று பளபள லேமினேஷன் போட்டுவிடாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் கேமராவுக்குக் கட்டம் தெரியாது. கெட்டி அட்டையில் பிரிண்ட் எடுத்தால் போதும். விரல் கட்டத்தை மறைக்காமல் ஓரத்தைப் பிடிக்கப் பழக்குங்கள். எங்கள் வகுப்பில் பாதி நேரம் "கையை எடுறா கண்ணு" என்பதிலேயே போகும்.

கருவியைவிடக் கேள்விதான் பெரிய வேலை. தப்பான மூன்று விடைகளும் பிள்ளைகள் நிஜமாகவே நினைக்கிறவையாக இருக்க வேண்டும். சும்மா இட்டு நிரப்பினால் எல்லாரும் சரியான விடைக்குப் போய்விடுவார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் பழைய பரீட்சைப் பேப்பர்களில் இருந்து தப்புகளைப் பொறுக்கி வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று சொல்கிறேன். "தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது. தீயைக் கூட்டினால் அதன் வெப்பநிலை என்ன ஆகும்?" என்று கேட்டேன். 'மாறாது' என்பதுதான் சரி. தீயைக் கூட்டினால் சீக்கிரம் ஆவியாகும், அவ்வளவுதான். பெரும்பாலோர் சரியாகக் காட்டினார்கள். 'கூடும்' என்று காட்டியவர்களின் பெயரைப் போனில் பார்த்தால், அத்தனை பேரும் கரும்புச்சாறு காய்ச்சும் ஆலைக்கொட்டகை வீட்டுப் பிள்ளைகள்! எங்கள் ஊர் நாட்டுச்சர்க்கரைக்குப் பேர் போனது, பழனி பஞ்சாமிர்தத்துக்கே இங்கிருந்துதான் போகிறது. ஏன் கூடும் என்று கேட்டதற்கு ஒரு பையன், "கொப்பரையில் சாறு பொங்குறப்ப தெறிச்சாத் தாங்கலாம் சார், பாகு பதத்துக்கு வர்றப்ப தெறிச்சாத் தோல் உரிஞ்சுரும்" என்றான். அவன் சொன்னது நிஜம். தண்ணீர் வற்ற வற்றச் சர்க்கரை கெட்டிப்படும், கொதிநிலையும் ஏறிக்கொண்டே போகும். பதம் வரும்போது 110 டிகிரியைத் தாண்டிவிடும். போன் அவனுக்குச் சிவப்புதான் போட்டது. அதனால் தப்பான விடை காட்டிய ரெண்டு பேரையாவது ஏன் என்று கேட்காமல் அடுத்த கேள்விக்குப் போக மாட்டேன்.

கோவை விரிவுரையாளர்:

காலேஜில் 120 பேர் உட்காரும் ஹாலில் நான் கிளிக்கர்தான் வைத்திருக்கிறேன். அங்கே பின்வரிசை அட்டை கேமராவுக்கு எட்டாது. பள்ளி வகுப்புக்கு அது அதிகம். பேட்டரி மாற்றுவதற்கே ஒரு ஆள் வேண்டும்.

ஹார்வர்டில் இயற்பியல் சொல்லித்தந்த எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில், கேள்வி போட்டுப் பிள்ளைகளையே ஒருவரோடு ஒருவர் பேசவிடும் 'பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன்' முறையைக் கொண்டுவந்தார். கருவி முக்கியமில்லை, கை தூக்கியும் அட்டை காட்டியும்கூட நடத்தலாம். கேள்வி போட்டுத் தனியாக விடை வாங்க வேண்டும். 30 சதவீதத்துக்குக் கீழே சரியென்றால் திரும்ப நடத்துங்கள். 70-க்கு மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு மேலே போகலாம். இடையில் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு மறுபடி விடை வாங்குங்கள். முதல் சுற்றுப் பட்டையை மட்டும் திரையில் காட்டிவிடாதீர்கள். எது உயரமோ அதன் பக்கம் எல்லாரும் சாய்ந்துவிடுவார்கள்.

எச்.எம். யோசனையை எப்படியாவது தட்டிக்கழியுங்கள். மார்க் என்றதும் படிக்கிற பிள்ளை எந்தப் பக்கம் திருப்புகிறது என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். அப்புறம் பட்டை பொய் சொல்லும்.

திருப்பூர் தொடக்கப்பள்ளி:

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. என் வகுப்பில் ஒடியா, இந்தி பேசும் பிள்ளைகள் உண்டு. வாய் திறக்கவே கூச்சப்படுவார்கள், அட்டையை மட்டும் முதலில் தூக்குவார்கள். ஆனால் கேள்வி நாலு வரித் தமிழில் இருந்தால் அது அறிவியல் பரீட்சை இல்லை, வாசிப்புப் பரீட்சை. படம் போடுங்கள், நீங்களே ரெண்டு தடவை வாசியுங்கள்.

கரூர் சார்:

எல்லாம் சரிங்க, 40 நிமிஷப் பீரியடில் இதெல்லாம் செய்தால் பாடம் எப்போது முடிப்பது?

கவுந்தப்பாடி வாத்தியார்:

ஒரு பீரியடுக்கு ரெண்டு கேள்விதான் சார். அதற்கு மேல் போட்டால் பிள்ளைகளே சலித்துக்கொள்வார்கள். ஏற்கெனவே புரிந்ததை மறுபடி நடத்தாமல் விடுவதில் அந்த நேரம் திரும்பி வந்துவிடும்.

பல்லடம் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றிங்க. கெட்டி அட்டையில் பிரிண்ட் எடுக்கச் சொல்லிவிட்டேன், 63 தொகுப்பில் முதல் 44. எச்.எம்.மிடம், இதில் மார்க் போடுவதில்லை, வேண்டுமானால் பெயர் இல்லாமல் பட்டையை மட்டும் மாதா மாதம் காட்டுகிறேன் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். கவுந்தப்பாடி சார், அந்தப் பழைய தப்புகளில் மின்சாரப் பாடத்துக்கு ஏதாவது வைத்திருக்கிறீர்களா? திங்கட்கிழமை அதைத்தான் ஆரம்பிக்கிறேன்.