நாள்பட்ட நுரையீரல் நோயில் வரும் சோர்வு: மனச்சோர்வை எப்படி அறிவது?

கேள்வி:
என் தந்தைக்கு வயது 67. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சிஓபிடி) இருக்கிறது. அண்மைக்காலமாக இன்ஹேலரைக்கூட நினைவூட்டினால்தான் எடுக்கிறார். செய்தித்தாளைப் பிரிப்பதே இல்லை. யாராவது பார்க்க வந்தால் கண்களை மூடிப் படுத்துவிடுகிறார். “சிகரெட் பிடித்து நானே தேடிக்கொண்டது” என்று அடிக்கடி சொல்கிறார். மூச்சு வாங்குவதால் வரும் அசதிதான் இது என்கிறார்கள் உறவினர்கள். இது மனச்சோர்வா என்று எப்படி அறிவது? இரவில் உறங்காததால் தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

பதில் 1:
நுரையீரல் மறுவாழ்வுப் பிரிவில் இயன்முறை சிகிச்சையாளராகப் பணிபுரிகிறேன். அசதி, தூக்கக்குறைவு, பசியின்மை ஆகியவை இரண்டு நோய்களிலும் வருவதால், அவற்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது. மூச்சு வாங்காமல் செய்யக்கூடிய செய்தித்தாள் வாசிப்பைக்கூட அவர் விட்டுவிட்டதும், ஓயாமல் தன்னையே பழித்துக்கொள்வதும்தான் என்னை உறுத்துகின்றன. மனச்சோர்வை அளவிட உதவும், பிஎச்கியூ-9 என்ற 9 கேள்விகள் கொண்ட படிவத்தை மருத்துவர் நிரப்பச் சொல்லலாம். 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாக விசாரிப்பார்கள். உயிரை விட்டுவிடும் எண்ணம் வருகிறதா என்று நீங்களே நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மூச்சுத்திணறலுக்கு அஞ்சி நடமாட்டத்தைக் குறைத்தால் கால் தசைகள் வலுவிழக்கும். வலுவிழந்த தசைகளைக் கொண்டு பழைய வேலையைச் செய்ய முன்பைவிட அதிகம் மூச்சு வாங்கும். அதனால் அச்சமும் முடக்கமும் கூடும். 6 முதல் 12 வாரங்கள் வரை நடக்கும் மறுவாழ்வுப் பயிற்சி மூச்சிரைப்போடு மனச்சோர்வையும் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மனம் சோர்ந்தவர்கள்தாம் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பதால், தொடக்க வாரங்களில் உடன் ஒருவர் வருவது நல்லது.

பதில் 2:
நான் மருந்தாளுநர். தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். டயஸிபாம் வகை மருந்துகள் மூச்சுவிடும் உந்துதலையே மட்டுப்படுத்தக்கூடும். இரத்தத்தில் கரியமில வாயு தேங்குபவர்களுக்கு அது ஆபத்து. அவர் இப்போது எடுக்கும் மருந்துகளின் முழுப் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பிரெட்னிசோலோன், ரோஃப்ளூமிலாஸ்ட் போன்றவை சிலருக்கு மனநிலையைப் பாதிப்பதுண்டு. ஆஸ்துமா, ஒவ்வாமைக்குத் தரப்படும் மான்டெலுகாஸ்ட் மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் இதற்காகவே கடும் எச்சரிக்கை விடுத்தது. அதற்காக எதையும் நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

பதில் 3:
எனக்கும் இதே நோய்தான். விருந்தினர் வந்தால் நானும் கண்களை மூடிக்கொண்டிருந்தவன். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு முட்டுவதும், பிறர் எதிரில் சளியைத் துப்ப நேர்வதும் கூச்சமாக இருந்தன. அதை வெளியில் சொல்வது அதைவிடக் கூச்சம். வருபவர்களை ஒவ்வொருவராக வரச் சொல்லுங்கள். நீளமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள். சிகரெட்டைப் பற்றிய பேச்சை அவர் எடுத்தால், மறுத்து வாதிடாமல் முழுவதும் பேச விடுங்கள். என் மகள் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த பிறகுதான் மனநல மருத்துவரைப் பார்க்க ஒப்புக்கொண்டேன்.