வயலில் இளைஞர் இல்லை: யார் மீது குற்றம்?

செங்குன்றம் ஆலைக்காரர்:
முப்பது ஆண்டுகளாக அரிசி ஆலை நடத்துகிறேன். முன்பெல்லாம் நெல் வண்டியோடு அப்பாவும் மகனும் வருவார்கள். இப்போது அப்பா மட்டும்தான். அவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. மகன் மணலியில் ஒப்பந்த வேலையாம். பன்னிரண்டு மணி நேரம் இன்னொருவரிடம் நிற்பவனுக்குச் சொந்த வரப்பு கசக்கிறதா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேறு ஆகவில்லை.

மணலித் தொழிலாளி:
ஐயா, அந்த மகன்களில் நானும் ஒருவன். ஊர் பொன்னேரிப் பக்கம். சென்ற சொர்ணவாரிப் பருவ நெல் அறுவடையில், அரசு கொள்முதல் நிலைய வாசலில் நெல்லுக்குக் காவலாக மூன்று இரவு படுத்திருந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பகலெல்லாம் காலால் கிளறிக் காயவைப்போம். மாலையில் இடிமழை கொட்டும். மூன்றாம் நாள் குவியலுக்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று இருந்தது. முளைவிட்ட நெல் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வியாபாரி கேட்ட விலைக்கே தள்ளிவிட்டோம். மணலியில் மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட இல்லை. அதில் எத்தனை பிள்ளைகள் பிழைப்பது?

செங்குன்றம் ஆலைக்காரர்:
அந்த மூன்று இரவுக்கு என்னிடம் பதில் இல்லை, தம்பி. ஆனால் நெல்லையே ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? கீரை போட்டால் ஒரே மாதத்தில் காசு. பக்கத்திலேயே சென்னை இருக்கிறது.

வியாசர்பாடி மருமகள்:
கல்யாணத்துக்கு முன் என் அப்பாவிடம் நான் அதைத்தான் கேட்டேன், ஐயா. தோட்டக்கலை படித்தவள். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் உண்டு. ஆனால் நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா அப்பா பெயரில். "நெல்தான்" என்றார், அத்தோடு முடிந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டாலும் சிட்டாவும், என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும் வேண்டும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்துவிட்டது. எங்கள் வீட்டில் 28 வயதுத் தம்பிக்கே இன்னும் பேச்சுரிமை இல்லை. நாற்று நடும்போது அவன் ஆள். கணக்குப் பேசும்போது சின்னப் பையன்.

செங்குன்றம் ஆலைக்காரர்:
பெயர் மாற்றிக் கொடுத்தால் மறுநாளே மனை போட்டு விற்றுவிடுவார்கள் என்ற பயம்தான், அம்மா. மீஞ்சூர்ப் பக்கம் வயலில் நட்டிருக்கும் மனைக்கற்களைப் பார்த்ததில்லையா?

மணலித் தொழிலாளி:
பார்த்திருக்கிறேன். அந்தப் பத்திரங்களில் கையெழுத்து யாருடையது, ஐயா? எங்கள் பக்கத்து வயலை விற்றவருக்கு 62 வயது. மகன் விதைத்த உளுந்து அப்போது பூவில் நின்றது. பட்டா வேண்டாம், ஐந்து ஆண்டுக்குக் குத்தகையாகவாவது எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். நான் ஊருக்குத் திரும்புகிறேன்.